எலுமிச்சம் பழமும் மூன்றாவது சிலிண்டரும்



ஆயுத பூசைக்கு மறுநாள் காலையில் மதுரை நகரத்தில் கோரிப்பாளையம் முதல் பழங்காநத்தம் வரையில் நடந்து போகிறவர்கள், தெருவெல்லாம் நசுங்கிக் கிடக்கும் எலுமிச்சம் பழங்களைக் காணலாம். கார், லாரி, ஆட்டோ, டிராக்டர் ஆகிய எல்லாவற்றின் நெற்றியிலும் சந்தனமும் குங்குமமும் காய்ந்து கிடக்கும். வருஷம் ஒரு நாள் வண்டியைத் துடைத்துச் சுத்தம் செய்து, தொழிலாளி ஓய்வு எடுத்துக் கொள்ளுவதைப் பற்றி நமக்கு ஆட்சேபணை ஒன்றும் இல்லை. ஆனால் அந்தப் பழம் நசுங்கினதாலேயே வண்டிக்கு வர இருந்த கேடு நசுங்கிப் போய்விட்டது என்று நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு, நமக்கு நேரில் தெரிந்த ஒரு சங்கதியைச் சொல்லி, அதிலிருந்து நாம் கற்க வேண்டியதை எழுத ஆசைப்படுகின்றோம்.

உசிலம்பட்டிப் பக்கத்துத் தோழர் ஒருவர் தவணைக் கடனில் ஒரு பெட்ரோல் கார் வாங்கி வாடகைக்கு ஓட்டி வருகிறார். வண்டி ஓடினால்தான் அந்த மாதத் தவணையும் கட்டலாம், வீட்டில் அடுப்பும் எரியும். சென்ற ஆயுத பூசை கழிந்த இரண்டாம் நாள், நான்கு பேரை ஏற்றிக் கொண்டு தேனிக்குப் போனார். சமவெளியில் வண்டி ஒழுங்காய்ப் போயிற்று. ஆண்டிபட்டிக் கணவாய் ஏற்றத்தில் கால் அழுத்தினவுடன் வண்டி உதற ஆரம்பித்தது, இழுவை போய்விட்டது, முன்பலகையில் என்ஜின் விளக்கு மின்னி மின்னி அணைந்தது. பின்னால் வந்த லாரி ஹாரன் அடித்துக் கொண்டு ஒரு முழ தூரத்தில் விலகிப் போயிற்று. மெக்கானிக்குகள் இதை 'மிஸ்ஸிங்' என்று சொல்லுகிறார்கள். அதாவது நான்கு சிலிண்டரில் ஒன்று வேலை செய்யாமல், மற்ற மூன்றும் அதையும் சேர்த்துச் சுமந்து கொண்டு போவதாகும்.

ஊருக்குத் திரும்பினதும் யோசனை சொல்ல ஆட்களுக்குப் பஞ்சமில்லை. "பூசையில் ஏதோ குறை" என்றார் ஒருவர். "புது வண்டி, கண் பட்டுவிட்டது" என்றார் மற்றொருவர். "சமவெளியில் ஓடின வண்டி கணவாயில் மட்டும் மறிக்கிறதென்றால், அந்த இடத்தில் ஏதோ இருக்கிறது" என்றார் மூன்றாமவர். மறுபடியும் எலுமிச்சம் பழம், மறுபடியும் கற்பூரம். அப்புறம் அதே கணவாய், அதே உதறல்.

இதுவரையில் நடந்ததைப் படித்துச் சிரிக்கின்ற பட்டணத்து வாசகர்கள், அடுத்து நடந்ததையும் கேட்கட்டும். தோழர் ஒரு பெரிய பட்டறைக்குப் போனார். அங்கே ஸ்கேனரைச் செருகினார்கள். 'பி 0303' என்று எண் வந்தது. உடனே நான்கு பிளக்கையும் மாற்றினார்கள், இன்ஜெக்டர்களைக் கழுவினார்கள், பெட்ரோல் பம்பையும் மாற்றினார்கள். 12,000 ரூபாய்க்குப் பில் போட்டார்கள். ஸ்கேனரில் எண்ணை அழித்து விளக்கை அணைத்து அனுப்பினார்கள். மூன்றாம் நாள் அதே கணவாயில் அதே உதறல்!

பழம் நசுக்கினவருக்கும் பம்பு மாற்றினவருக்கும் என்ன வித்தியாசம் என்று நாம் கேட்கின்றோம். முன்னவர் ஐந்து பத்து ரூபாயோடு விட்டார். பின்னவர் பன்னிரண்டாயிரம் வாங்கினார். காரணம் என்னவென்று பார்க்காமலே பரிகாரம் செய்ததில் இருவரும் ஒன்றுதான். 'பி 0303' என்றால் மூன்றாவது சிலிண்டரில் எரிப்பு தவறுகிறது என்று மாத்திரமே பொருள். பெட்ரோல் பம்போ நான்கு சிலிண்டருக்கும் பொதுவானது. பொதுக் கிணறு வற்றினால் தெரு முழுவதும் தவிக்குமேயல்லாமல் ஒரு வீடு மாத்திரம் தவிக்குமா? இந்த ஒரு கேள்வியை அந்தப் பட்டறையில் ஒருவர் கேட்டிருந்தால் ஓர் ஏழையின் ஒரு மாதத் தவணை மிச்சமாயிருக்கும்.

நிற்க, என்ஜினுக்குள் நடப்பது என்ன என்பதை வாசகர்கள் தெரிந்து கொள்ள வேண்டும். அதில் மந்திரம் ஒன்றும் இல்லை. சிலிண்டர் என்பது ஒரு குழாய். அதற்குள் பிஸ்டன் மேலும் கீழுமாகப் போய் வருகிறது. கீழே இறங்கும்போது காற்றும் பெட்ரோலும் உள்ளே வருகின்றன. மேலே ஏறும்போது அவை அழுத்தப்படுகின்றன. உச்சியில் பிளக் ஒரு தீப்பொறி விடுகிறது. கலவை எரிந்து பிஸ்டனைக் கீழே தள்ளுகிறது. அடுத்த ஏற்றத்தில் புகை வெளியே போகிறது. ஜெர்மனியில் ஆட்டோ என்பவர் 1876இல் செய்து காட்டின இந்த நான்கு வேலைகளைத்தான் இன்றைய பெட்ரோல் கார்களும் செய்கின்றன. என்ஜின் நிமிஷத்துக்கு 3,000 சுற்று சுற்றும்போது, ஒவ்வொரு சிலிண்டரும் நிமிஷத்துக்கு 1,500 தடவை, அதாவது விநாடிக்கு 25 தடவை எரிய வேண்டும்.

எரிவதற்கு வேண்டியவை மூன்றே. ஒன்று, வேளை தவறாத நல்ல தீப்பொறி. இரண்டு, அளவான பெட்ரோலும் காற்றும். எடையில் ஒரு பங்கு பெட்ரோலுக்கு ஏறக்குறைய 14.7 பங்கு காற்று. மூன்று, ஒழுகாத அழுத்தம், அதாவது கம்ப்ரஷன். இம்மூன்றில் ஒன்று குறைந்தால்தான் மிஸ்ஸிங் வரும். நான்காவதாக ஒரு காரணம் கிடையாது. கண்ணேறுக்கு அந்தக் குழாய்க்குள் நுழைய வழியே இல்லை.

ஆதலால் மெக்கானிக்கின் வேலை இந்த மூன்று கதவுகளையும் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்ப்பதுதான். ஒரே சமயத்தில் மூன்றையும் உடைப்பதல்ல. நமது தோழர் கடைசியாகப் போய்ச் சேர்ந்தது ஒரு வயதான மெக்கானிக்கின் தகரக் கொட்டகைக்கு. அவர் செய்ததை முறையாகச் சொல்லுகின்றோம்.

முதலில் அவர் சாமான் எதையும் கையில் எடுக்கவில்லை. கேள்விதான் கேட்டார்.

"தம்பி, எப்பவும் உதறுதா, ஏத்தத்துல மட்டுமா?"

"ஏத்தத்துல, ஆள் ஏத்தியிருந்தாத்தாண்ணே."

"என்ஜினுக்குத் தண்ணி அடிச்சீங்களா?"

"பூசைக்கு மொத நா வாட்டர் வாஷ் பண்ணேண்ணே."

பெரியவர் சிரித்தார். மூன்றாவது சிலிண்டரின் காயிலைக் கழற்றி, பிளக்கின் மேல் கவிழும் அதன் ரப்பர் உறைக்குள் டார்ச் அடித்துக் காட்டினார். உள்ளே மயிரிழை போல் ஒரு கறுப்புக் கோடு தெரிந்தது. ஆனால் அதைப் பார்த்த உடனே 'இதுதான்' என்று அவர் தீர்ப்புச் சொல்லிவிடவில்லை. மூன்றாவது காயிலை முதல் சிலிண்டரிலும், முதல் காயிலை மூன்றாவதிலும் மாற்றி மாட்டினார். பழைய எண்ணை அழித்தார். ஆள் ஏற்றிக் கொண்டு ஓர் ஏற்றத்தில் ஓட்டச் செய்தார். இம்முறை 'பி 0301' என்று வந்தது. குற்றம் காயிலோடு கூடவே நடந்து போய்விட்டது! ஒரு காயிலின் விலை 2,000 ரூபாய்க்குள். அத்தோடு காரியம் முடிந்தது.

இப்போது கணவாயின் இரகசியத்தைச் சொல்லுகின்றோம். பாட்டரியின் 12 வோல்ட்டைக் காயில் 20,000 வோல்ட்டுக்கும் மேலாக உயர்த்திப் பிளக்கின் சிறு இடைவெளியைத் தாண்ட வைக்கிறது. பூசைக்காக வேகமாகத் தண்ணீர் பீய்ச்சினதில், பிளக் இருக்கும் குழிக்குள் தண்ணீர் தேங்கிவிட்டது. மின்சாரம் இடைவெளியைத் தாண்டாமல், ஈரத்தின் வழியாகப் பக்கத்து இரும்புக்குப் பாய்ந்தது. பாய்ந்த வழியில் ரப்பர் கருகி ஒரு கோடாயிற்று. தண்ணீர் காய்ந்த பிறகும் அந்தக் கரிக் கோடு மின்சாரத்துக்கு ஒரு குறுக்குச் சந்து ஆகிவிட்டது. அதனால்தான் பிளக்கை மாத்திரம் மாற்றியும் பயன்படவில்லை. சமவெளியில் மெதுவாகப் போகும்போது சிலிண்டருக்குள் அழுத்தம் குறைவு. தீப்பொறி சுலபமாகத் தாண்டுகிறது. ஏற்றத்தில் கால் அழுத்தும்போது காற்று நிறைய நுழைந்து அழுத்தம் உயர்கிறது. தாண்டுவதற்கு அதிக வோல்ட் வேண்டும். அப்போது மின்சாரம் சுலபமான குறுக்குச் சந்தில் போய்விடுகிறது. கணவாயில் 'ஏதோ இருக்கிறது' என்று சொன்னார்களே, அங்கே இருந்தது இந்த ஏற்றந்தான்! வண்டிக்குக் கேடு வராமல் இருக்கப் பூசை செய்தார்கள். அந்தப் பூசைக்காக அடித்த தண்ணீரே கேட்டைக் கொண்டு வந்தது.

எல்லா மிஸ்ஸிங்கும் காயிலால்தான் வருமென்று எவரும் நினைத்துவிட வேண்டாம். அப்படி நினைப்பதும் ஒரு மூடநம்பிக்கையே. ஆகவே மற்றக் கதவுகளையும் தட்டும் முறையைச் சுருக்கமாகச் சொல்லுகின்றோம்.

பிளக்கைக் கழற்றினால் அதன் முகமே பேசும். கழற்றுவதற்கு முன் குழியைக் காற்றடித்துச் சுத்தம் செய்துவிட வேண்டும்; இல்லாவிட்டால் தண்ணீரும் மண்ணும் சிலிண்டருக்குள் விழும். முனை இளங் காவி நிறமாக இருந்தால் எரிப்பு நன்றாயிருக்கிறது. வறண்ட கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம். எண்ணெய்ப் பசை இருந்தால் ரிங் அல்லது வால்வு வழியாக ஆயில் இறங்குகிறது. பெட்ரோல் நனைந்தே இருந்தால் பொறி விழவில்லை. வெளுத்துக் கொப்பளித்திருந்தால் சூடு மிஞ்சிவிட்டது. முனை இடைவெளியை வண்டிப் புத்தகத்தில் சொன்ன அளவுக்குச் சரி பார்க்க வேண்டும்.

தீப்பொறி சரியென்று தெரிந்தால் பெட்ரோலுக்குப் போகலாம். நீளமான ஸ்க்ரூ டிரைவரின் முனையை இன்ஜெக்டரில் வைத்துப் பிடியைக் காதில் வைத்தால், 'டக் டக்' என்ற சத்தம் எல்லாவற்றிலும் ஒன்றுபோல் கேட்க வேண்டும். சந்தேகம் இருந்தால் அதையும் வேறு சிலிண்டருக்கு மாற்றி மாட்டிப் பார்க்கலாம். ஒரு சிலிண்டர் என்றில்லாமல் பல சிலிண்டர்களில் மாறி மாறித் தவறினால் 'பி 0300' வரும். அப்போதுதான் பம்பு, ஃபில்டர், காற்றுக் குழாய் ஒழுக்கு ஆகிய பொதுக் காரணங்களைத் தேட வேண்டும்.

இரண்டும் சரியென்றால் கம்ப்ரஷன் அளக்க வேண்டும். நான்கு சிலிண்டரிலும் கேஜ் வைத்துப் பார்த்தால், குறைந்தது உயர்ந்ததில் முக்கால் பங்குக்குக் கீழே இருக்கலாகாது என்பது பட்டறைகளில் பொதுவாகக் கொள்ளும் கணக்கு. குறைந்த சிலிண்டரில் இரண்டு ஸ்பூன் என்ஜின் ஆயில் விட்டு மறுபடி அளந்தால், அழுத்தம் ஏறினால் ரிங் தேய்மானம். ஏறாவிட்டால் வால்வு அல்லது ஹெட் கேஸ்கட். பக்கத்தில் பக்கத்தில் உள்ள இரண்டு சிலிண்டர் சேர்ந்து குறைந்தால் கேஸ்கட்டின் மேல் சந்தேகம் கொள்ள வேண்டும். கேஸில் ஓடும் வண்டிகளில் வால்வு இருக்கை தேய்ந்து, டேப்பெட் இடைவெளி சுருங்கி, வால்வு முழுவதும் மூடாமல் போவது உண்டு. ஆதலால் அந்த வண்டிக்காரர்கள் டேப்பெட்டைக் காலாகாலத்தில் பார்க்கச் சொல்ல வேண்டும்.

இந்த முறை முழுவதையும் நான்கு சொற்களில் அடக்கலாம்: பார், மாற்றி வை, அள, வாங்கு. காசு கொடுத்து வாங்குவது நான்காவது. நம் பட்டறைகளிலோ அதுதான் முதலாவதாக இருக்கிறது.

ஸ்கேனர் என்னும் கருவியைப் பற்றி இரண்டொரு வார்த்தை. அமெரிக்காவில் 1996 முதல் எல்லாப் புதுக் கார்களிலும் கட்டாயமான முறை இது. நம் நாட்டுப் புதுக் கார்களிலும் இன்று இருக்கிறது. அது எப்படிக் கண்டுபிடிக்கிறது? ஒரு சிலிண்டர் எரியத் தவறினால் கிராங்க் தண்டின் சுழற்சி அந்தக் கணத்தில் ஒரு துளி தளர்கிறது. அந்தத் தளர்ச்சியைச் சென்சார் அளந்து, எந்தச் சிலிண்டரின் முறையில் தளர்ந்தது என்று கணக்குப் பார்க்கிறது. அவ்வளவுதான். இன்ன சாமானை வாங்கு என்று அது சொல்லுவதில்லை. அந்த எண்ணைக் கோடாங்கியின் குறி போலக் கேட்டு, கேள்வி கேட்காமல் பணத்தை எடுத்து வைப்பது பகுத்தறிவாகாது. கருவி புதிது, கேட்பவரின் புத்தி பழையது என்றால் என்ன பயன்?

"எலுமிச்சம் பழம் வைப்பதில் என்ன நஷ்டம், மனத் திருப்திக்காக வைத்துவிட்டுப் போகட்டுமே" என்று சிலர் சொல்லக்கூடும். நஷ்டம் பழத்தின் விலையில் இல்லை. அந்தத் திருப்தியில்தான் இருக்கிறது. செய்ய வேண்டியதைச் செய்துவிட்டோம் என்று நினைத்தவன் மின்னுகிற விளக்கைப் பார்த்துக் கொண்டே ஓட்டுகிறான். அந்த விளக்கு மின்னினால், எரியாத பெட்ரோல் புகைக் குழாயில் உள்ள கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் போய் அங்கே எரிகிறது என்று பொருள். அதன் தேன்கூடு போன்ற உட்பகுதி சூட்டால் உருகி அடைத்துக் கொள்ளும். காயில் செலவோடு போக வேண்டியது பல மடங்கு செலவில் வந்து நிற்கும். ஆகவே விளக்கு மின்னினால் காலை இலேசாக்கி, ஓரமாக நிறுத்திவிட வேண்டும். ஏற்றத்தில் லாரியை முந்தும் நேரத்தில் இழுவை போனால் உயிருக்கே ஆபத்து என்பதைச் சொல்லவும் வேண்டுமா?

மோட்டார் வண்டி நம் பக்கத்துக்கு வந்து நூறு வருஷத்துக்கு மேலாகிறது. டி.வி. சுந்தரம் அய்யங்கார் 1912இல் தஞ்சாவூருக்கும் புதுக்கோட்டைக்கும் பஸ் விட்டார். பின்பு அவரது தொழிலுக்கு மதுரையே தலைமை இடமாயிற்று. 1920இல் ஜி.டி. நாயுடு பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் பஸ் ஓட்டினார். அவர் ஒரு மோட்டார் சைக்கிளை வாங்கிப் பிரித்துப் பார்த்து யந்திரம் கற்றவர். அதற்கும் முன்னால், 1888 ஆகஸ்டில், ஜெர்மனியில் பெர்தா பென்ஸ் என்னும் அம்மையார், கணவர் செய்த காரைத் தம் இரண்டு மக்களோடு மான்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைமுக்குத் தாமே ஓட்டிப் போனார். தூரம் நூறு கிலோ மீட்டருக்கு மேல். வழியில் பெட்ரோல் குழாய் அடைத்தது. தொப்பி ஊசியால் குத்திச் சுத்தம் செய்தார். தீப்பொறிக் கம்பி உராய்ந்தது. காலுறைப் பட்டையைச் சுற்றி மின்சாரம் ஒழுகாமல் கட்டினார். உலகத்தின் முதல் நெடும் பயணத்திலேயே ஒரு பெண் பிள்ளை பெட்ரோல் கதவையும் தீப்பொறிக் கதவையும் தட்டிப் பார்த்துச் சரி செய்திருக்கிறார்! நாம் வண்டியை வாங்கிக் கொண்டோம். அந்த அம்மையாரின் புத்தியை வாங்கிக் கொள்ளவில்லை.

இதில் மெக்கானிக்குகளை மாத்திரம் குறை சொல்ல நாம் தயாராயில்லை. பத்துப் பன்னிரண்டு வயதில் கொட்டகைக்கு வந்து, ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தும் திட்டு வாங்கியும் வளர்ந்தவர்கள் அவர்களில் அநேகர். அவர்கள் கைக்கு வேலை கற்றுக் கொடுத்தோம்; 'ஏன்' என்ற கேள்வியைக் கற்றுக் கொடுக்கவில்லை. வேலை பலித்தால் 'ராசியான கை' என்கிறோம். அந்தக் கொட்டகைப் பெரியவரிடம் இருந்தது ராசியல்ல; வரிசையாய் யோசிக்கும் பழக்கம். ராசியை எவரும் எவருக்கும் கற்றுக் கொடுக்க முடியாது. பழக்கத்தைக் கற்றுக் கொடுக்கலாம். தமிழ்நாட்டில் தமிழர் ஓட்டும் வண்டிக்குப் புத்தகம் மாத்திரம் பெரும்பாலும் இங்கிலீஷில் வருகிறதே, அதைத் தமிழில் கொடு என்று கேட்க நமக்கு வாய் இல்லையா?

ஆகவே, வண்டி வைத்திருக்கும் தோழர்களுக்கு நாம் சொல்லுவது இதுதான். என்ஜினுக்குள் தண்ணீர் பீய்ச்சாதீர்கள். ஈரத் துணியால் துடைத்தால் போதும். பட்டறைக்குப் போனால், எந்தச் சிலிண்டர் என்று கேளுங்கள். எந்தச் சாமான் கெட்டது என்று சொன்னால், "எப்படித் தெரிந்தது?" என்று கேளுங்கள். மாற்றி வைத்துப் பார்த்தீர்களா, அளந்து பார்த்தீர்களா என்று கேளுங்கள். கழற்றின பழைய சாமானைக் கையில் வாங்கிப் பாருங்கள். இப்படிக் கேட்பது அந்தத் தொழிலாளிக்கு அவமரியாதை அல்ல. தெரிந்து செய்கிறவர் சந்தோஷமாகப் பதில் சொல்லுவார். தெரியாமல் செய்கிறவருக்கு மாத்திரமே கோபம் வரும்.

உசிலம்பட்டித் தோழர் இப்போது அதே கணவாயில் வாரத்துக்கு நாலைந்து தடவை ஏறி இறங்குகிறார். கருகின ரப்பர் உறையைக் காயிலிலிருந்து கழற்றி வண்டியிலேயே வைத்திருக்கிறார். யாராவது அந்த இடத்தில் 'ஏதோ இருக்கிறது' என்று ஆரம்பித்தால், அதை எடுத்து உள்ளே இருக்கும் கறுப்புக் கோட்டைக் காட்டுகிறார்.